ஃப்ரிட்ஜ் இப்போது அசைவதில்லை

செல்வின் அனுப்பியவர்தானே நீங்கள்? உள்ளே வாருங்கள். காலையிலேயே ஃபோன் பண்ணினார், "மேடம், ஒரு கஸ்டமர் உங்க கிச்சனைப் பார்க்க வருவாங்க, நாலு நல்ல வார்த்தை சொல்லுங்க" என்று. நாலு என்ன, கேட்டால் நாற்பதுகூடச் சொல்லலாம். உட்காருங்கள். வீடு எங்கே கட்டுகிறீர்கள், கே.டி.சி. நகரிலா? நல்ல இடம். காற்று வரும்.

இதுதான் அடுக்களை. வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, ஃப்ரிட்ஜ் எங்கே என்றுதான். அது தெரியக் கூடாது, அதுதான் இதன் விசேஷம். இதோ, இந்தக் கடைசிக் கதவு. வெளியிலிருந்து பார்த்தால் அலமாரி. திறந்தால் உள்ளே ஃப்ரிட்ஜ். அலமாரிக்குள் நிறுத்தி, கீழேயும் பக்கத்திலேயும் திருகாணி போட்டு இறுக்கிவிடுவது. திறந்து பாருங்கள். கூச்சப்படாமல் இழுங்கள், ஒன்றும் ஆகாது. பார்த்தீர்களா? அசையவில்லை. இது இப்படி அசையாமல் நிற்பதற்குள் எனக்கு ஒரு கோடை முழுக்கப் போய்விட்டது.

இல்லை, இங்கே வாங்கியது இல்லை. பெர்த்திலிருந்து கப்பலில் வந்தது. ஆஸ்திரேலியா. அங்கே எங்கள் வீட்டில் இருந்த ஃப்ரிட்ஜ்தான். என் வீட்டுக்காரர் ஒரு சனிக்கிழமை முழுக்க மண்டி போட்டு உட்கார்ந்து, ரசமட்டம் வைத்துப் பார்த்துப் பார்த்துப் பொருத்தினார். அவருக்கு ரசமட்டம் இல்லாமல் சுவரில் ஒரு காலண்டர்கூட மாட்ட வராது. அங்கே இருந்தவரை அது ஒரு நாள் அசைந்ததில்லை. திரும்பி வரும்போது எல்லோரும் கேட்டார்கள், பழைய ஃப்ரிட்ஜைப் போய் யாராவது கப்பல் ஏற்றுவார்களா என்று. நல்ல ஃப்ரிட்ஜ். ஓடுகிற ஃப்ரிட்ஜ். எதற்குத் தூக்கிப் போட வேண்டும்?

ஆமாம், அவர் இல்லை. இரண்டு வருஷம் ஆகப் போகிறது. அங்கேதான். கடைக்குப் போய்விட்டு வந்து, காரைத் திறக்கப் போனவர், கையில் பையோடு அப்படியே. பரவாயில்லை, நீங்கள் முகத்தை அப்படி வைத்துக்கொள்ள வேண்டாம். நான் நன்றாகத்தான் இருக்கிறேன். சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். நான் சொல்ல வந்தது ஃப்ரிட்ஜைப் பற்றி.

இந்த வீட்டில் அவருடைய அக்கா இருந்தார்கள். ஆவுடை மதினி. அவர்களுக்குக் கல்யாணம் அமையவில்லை. மாமாவையும் அத்தையையும் கடைசிவரை பார்த்துக்கொண்டது அவர்கள்தான். தம்பியைத் தம்பி என்று சொல்ல மாட்டார்கள், "எம் புள்ள" என்பார்கள். அதை நான் தப்பாக எடுத்துக்கொண்டதில்லை. இடுப்பில் தூக்கி வளர்த்தவர்கள், சொல்லிவிட்டுப் போகட்டும்.

நான் சாமான்களோடு வந்து இறங்கினபோது அடுக்களை பழைய மாதிரியே கிடந்தது. சிமென்ட் மேடை, சுவரில் புகைக்கறை, மூலையில் அங்கணம். அங்கணம் தெரியும்தானே? பாத்திரம் கழுவ ஒரு பள்ளம், அதிலிருந்து சுவர் வழியாக ஓர் ஓட்டை, தண்ணீர் கொல்லைக்குப் போய்விடும். எல்லாவற்றையும் மாற்றலாமா மதினி என்று முதல் நாளே கேட்டேன். நான் எதையும் கேட்காமல் செய்கிறவள் இல்லை.

"ஒனக்கு எப்படி வேணுமோ அப்படிச் செஞ்சிக்கோளா" என்றார்கள். "எனக்கு ரெண்டு வேளை கஞ்சி குடிக்க எடம் இருந்தாப் போதும்."

அப்படிச் சொன்னால் அதை அப்படித்தானே எடுத்துக்கொள்ள வேண்டும்? நான் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

செல்வின் வந்து அளந்தார். "இந்த அங்கணம் எதுக்கு மேடம், பல்லி பாச்சாதான் வரும், அடைச்சிருவோமா?" என்றார். அடைத்தாயிற்று. தை மாதம் பாலும் காய்ச்சியாயிற்று. மதினியே ஃப்ரிட்ஜ் கதவுக்குச் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். கதவு எது என்று தெரியாமல் முதலில் மளிகை அலமாரிக்கு வைத்துவிட்டார்கள். ஒரே மாதிரி கதவுகள் இல்லையா, எல்லோரும் சிரித்தோம். மதினியும் சிரித்தார்கள்.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். மதினிக்கு வெள்ளிக்கிழமை காலையில் அடுக்களையைக் கழுவியாக வேண்டும். துடைப்பது இல்லை, கழுவுவது. வாளி வாளியாகத் தண்ணீரைத் தூக்கி ஊற்றி, தென்னை விளக்குமாற்றால் பரபரவென்று தேய்த்து, அங்கணத்துக்குத் தள்ளிவிடுவது. இந்த வழக்கம் எனக்கு பெர்த்திலிருந்தே தெரியும். அவர் வெள்ளிக்கிழமைதான் அக்காவுக்கு ஃபோன் போடுவார், சரியாக அவர்கள் கழுவுகிற நேரத்தில். ஃபோனை மேடைமேல் வைத்துவிட்டு அவர்கள் பாட்டுக்கு ஊற்றிக்கொண்டிருப்பார்கள். இவர் அந்தப் பக்கம் காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பேச்சு ஒன்றும் இருக்காது. தண்ணீர்ச் சத்தம்தான் கேட்கும். நான் எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன், இதற்கு எதற்கு ஐ.எஸ்.டி. என்று.

புது அடுக்களையிலும் கழுவினார்கள். தண்ணீர் போக வழி இல்லாததால் முறத்தால் அள்ளி அள்ளி வெளியே ஊற்றினார்கள். சரி என்று விட்டுவிட்டேன். வயதானவர்கள், பழக்கம்.

மாசி கடைசியில் ஒரு நாள் மோர் எடுக்கக் கதவைத் திறக்கிறேன், ஃப்ரிட்ஜ் தலையை ஆட்டியது. லேசாகத்தான், மாடு கொசுவுக்கு ஆட்டுகிற மாதிரி. செல்வினைக் கூப்பிட்டேன். அவர் வந்து பார்த்து, "இது ஃப்ரிட்ஜோட கோளாறு மேடம். கதவு வெயிட்டு. ஃபாரின் சாமான்லா, நம்ம ஊருக்கு ஒத்துக்காது" என்றார். ஃப்ரிட்ஜ் பழுது பார்க்கிறவரைக் கூப்பிட்டேன். அவர் குனிந்தே பார்க்கவில்லை. "ஃப்ரிட்ஜ் ஸ்ட்ராங்கு. அலமாரி செஞ்சவன் யாரு? அவன் கையை ஒடிக்கணும்" என்றார். ஒரு நாள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வந்துவிட்டார்கள். வாசலிலேயே சண்டை பிடித்துக்கொண்டார்கள்.

"ஒம்ம ஸ்க்ரூ பிடிக்கல வே."

"ஒம்ம ஃப்ரிட்ஜ் நிக்கல வே. நிக்கத் தெரியாததுக்கு ஸ்க்ரூ என்ன செய்யும்?"

மதினிதான் இரண்டு பேருக்கும் மோர் கொடுத்து உட்கார வைத்தார்கள்.

செல்வின் நீளமான திருகாணி போட்டார். ஒரு வாரம் நின்றது. மறுபடியும் ஆடியது. பக்கத்தில் கட்டை அடித்தார். அதுவும் ஒரு வாரம். நான் எழுந்ததும் பல் தேய்ப்பதற்கு முன்னால் வந்து கதவை இழுத்துப் பார்ப்பேன். மதினி அடுப்புக்கிட்டே நின்று என்னையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். "அது எங்க போயிரப் போவுதுளா?" என்று ஒரு நாள் கேட்டார்கள். அவர்களுக்கு இதெல்லாம் புரியாது. இந்த வகை ஃப்ரிட்ஜ் தானாக நிற்கிறது இல்லை, பிடித்துக்கொண்டிருக்கிற வரைக்கும்தான் நிற்கும். பிடி விட்டால் திறக்கிறவர் மேலேயே வந்து சாயும்.

சாய்ந்தது.

சித்திரை வெயில். வீட்டுப் பத்திரத்தில் பெயர் மாற்றுகிற வேலையாக நான் வெளியே போயிருந்தேன். திரும்பி வந்து பெல் அடித்தால் பதில் இல்லை. கதவு சும்மாதான் சாத்தியிருந்தது. உள்ளே போனால் மதினி ஃப்ரிட்ஜைக் கட்டிப் பிடித்த மாதிரி நிற்கிறார்கள். இரண்டு கையும் அதன் மேலே, தோள் ஒரு பக்கம் முட்டுக்கொடுத்து, நெற்றியையும் அதில் வைத்துக்கொண்டு. கண்ணை மூடியிருந்தார்கள். ஏதோ சாமி கும்பிடுகிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன்.

"வந்துட்டியா வடிவு" என்றார்கள். குரல் உள்ளேயிருந்து வந்தது. "தெறந்தேன், அப்படியே சாஞ்சு வந்திட்டு. பிடிச்சிட்டு நிக்கேன்."

"யாரையாவது கூப்பிட்டிருக்கலாமே மதினி?"

"பூக்காரி வந்து கூப்பிட்டா. சத்தம் குடுத்தா கை தளந்துரும்லா, அதான் குடுக்கல."

நான் பையைப் போட்டுவிட்டு ஓடிப் போய் ஃப்ரிட்ஜைப் பின்னால் தள்ளி நிறுத்தினேன். நல்ல வேளை, ஒன்றும் ஆகவில்லை. உள்ளே விளக்கு எரிந்தது, மோட்டார் ஓடியது, மாவுச்சட்டிகூடக் கவிழவில்லை. எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத் திரும்பினால், மதினி தரையில் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளங்கையில் கதவு விளிம்பு அழுந்தின கோடு. தோள் வீங்கியிருந்தது. தைலம் தேய்த்துவிட்டேன்.

"விலகியிருக்கலாமே மதினி. விழுந்தால் விழுந்துவிட்டுப் போகிறது."

"எம் புள்ள வச்சிருந்த சாமான்லா" என்றார்கள்.

ஒரு சாமான் மேல் அவ்வளவு பற்று வைக்கக் கூடாது. அதை அவர்களிடமே சொன்னேன். நாலு மனுஷர் தூக்கி வைக்கிற ஃப்ரிட்ஜை ஒரு வயசான பொம்பளை தாங்கிப் பிடிக்கலாமா?

அதற்குப் பிறகுதான் அடிப்பலகையைக் கழற்றிப் பார்த்தோம். நானேதான் கழற்றச் சொன்னேன். உள்ளே பலகை நனைந்து, பொரித்த அப்பளம் மாதிரி உப்பிக்கிடந்தது. மரத்தூளை அழுத்திச் செய்த பலகை. தண்ணீர் ஏறினால் உப்பும், காய்ந்தால் பொடியும். பொடிகிற பலகையில் எந்தத் திருகாணி பிடிக்கும்? அங்கே பெர்த்திலும் இதே பலகைதான். ஆனால் அங்கே யார் வாளி வாளியாக ஊற்றுகிறார்கள்?

செல்வினுக்குக் கொண்டாட்டம். "பாத்தீங்களா மேடம், என் மேல தப்பே இல்ல" என்று பலகையைக் கையில் வைத்துக்கொண்டு தெருவில் போகிறவர்களுக்கெல்லாம் காட்டினார்.

அப்போதுதான் ஒன்று தெரிந்தது. மதினி வெள்ளிக்கிழமை மட்டும் கழுவவில்லை. நான் எழுந்திருப்பதற்கு முன்னால் தினம் கழுவியிருக்கிறார்கள். முன்னெல்லாம் வாரத்துக்கு ஒரு தடவைதான். அவர் போன பிறகுதான் கூடியிருக்கிறது. பக்கத்து வீட்டில் சொன்னார்கள், நான் வருவதற்கு முன்னாலேயே அப்படித்தானாம். அடுக்களை, கூடம், வாசல்படி வரைக்கும். தண்ணீர் வராத நாளில் லாரித் தண்ணீர் வாங்கி ஊற்றியிருக்கிறார்கள்.

நான் சத்தம் போடவில்லை. எனக்கு யார் மேலேயும் சத்தம் போட்டுப் பழக்கம் இல்லை. உட்கார வைத்து மெதுவாகச் சொன்னேன். "மதினி, இனிமேல் தண்ணீர் ஊற்ற வேண்டாம். துணியை நனைத்துத் துடைத்தால் போதும்."

"தொடைக்கது அழுக்க இங்கேருந்து அங்க நகத்துததுல்லா."

"சரி, வாரத்துக்கு ஒரு தடவை ஊற்றுகிறவர்கள் தினம் எதற்கு ஊற்றுகிறீர்கள்?"

புடவைத் தலைப்பைப் பிடித்து முறுக்கினார்கள். பிறகு சொன்னார்கள். "வீட்டுலேருந்து எடுத்திருந்தா, எடுத்த ஒடனே கழுவி விட்டு முடிச்சிருப்பேன். எடுக்கவே இல்லையே. எப்பம் கழுவுனா முடியும்னு எனக்குத் தெரியல."

உங்களுக்குப் புரிந்திருக்கும். நம் பக்கத்தில் வீட்டிலிருந்து தூக்கிக்கொண்டு போனவுடன் பெண்கள் வீட்டைக் கழுவி விடுவார்கள் இல்லையா, அது. அவருக்கு எல்லாம் அங்கேயே முடிந்துவிட்டது. மதினி ஃபோனில் பார்த்தார்கள், அதுவும் நடுவில் அறுந்துவிட்டது. சாம்பலைக் கொண்டு வந்தேன். ஆனால் சாம்பலை வீட்டுக்குள் கொண்டு வரக் கூடாது என்று பெரியவர்கள் சொன்னதால், விமானத்திலிருந்து இறங்கி நேரே குறுக்குத்துறைக்குப் போய் ஆற்றில் கரைத்தோம். எல்லாம் முறைப்படிதான் நடந்தது. ஒன்றும் குறை வைக்கவில்லை.

அதனால்தான் நான் கேட்டேன், "சரி மதினி, அதற்கும் ஃப்ரிட்ஜுக்கும் என்ன சம்பந்தம்?" என்று. நியாயமான கேள்விதானே? "ஒண்ணும் இல்லளா. ஊத்தல இனிமே" என்றார்கள்.

சொன்ன சொல் மாறவில்லை. மறுநாளிலிருந்து ஒரு சொட்டு இல்லை. துணி வைத்துத் துடைத்தார்கள். ஆனால் துடைத்த பிறகு அங்கே நிற்க மாட்டார்கள். சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு கொல்லைப் படிக்குப் போய்விடுவார்கள். வெயிலில் எதற்கு உட்காருகிறீர்கள் என்றால், காத்து வருது என்பார்கள். சித்திரையில் ஏது காற்று? நான் மறுபடி மறுபடி கேட்கவில்லை. ஒருவரைத் தொந்தரவு செய்வது எனக்குப் பிடிக்காது.

வைகாசியில் ஒரு நாள், "கடையத்துல சித்தி மக வீட்டுல ஒரு நாலு நாள் இருந்துட்டு வாரேன்" என்று கிளம்பினார்கள். ஒரு துணிப்பை. இன்னொரு கையில் அடுக்களை கழுவுகிற பித்தளை வாளி, அதற்குள் தென்னை விளக்குமாறு.

"வாளி எதற்கு மதினி? கடையத்தில் வாளியே கிடையாதா?"

"எங் கையில பழகுனது."

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஆட்டோவில் கூடப் போனேன். கண்டக்டர் வாளியைப் பார்த்துவிட்டு, "என்ன ஆச்சி, பஸ்ஸைக் கழுவப் போறியளோ?" என்றார். பஸ்ஸே சிரித்தது. மதினியும், "ஒம்ம பஸ்ஸு இருக்குற அழகுக்கு ஒரு வாளி காணாது வே" என்றார்கள். சந்தோஷமாகத்தான் போனார்கள். நாலு நாள் என்றுதான் சொன்னார்கள்.

கோபித்துக்கொண்டு போனார்கள் என்று பக்கத்து வீட்டில் பேசிக்கொள்கிறார்கள். கோபம் எல்லாம் கிடையாது. அவர்கள் பிறந்த வீடு இது, அவர்களை யார் போகச் சொன்னது? நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மாவு அரைத்து வைத்துவிட்டுத்தான் போனார்கள். தனியாக ஒரு ஆளுக்கு அது ரொம்ப நாள் வந்தது. கடைசியில் புளித்துப் போய்க் கொட்டினேன்.

வீட்டில் சத்தம் இல்லை. அதுவும் ஒரு விதத்தில் நல்லதுதான். ஃப்ரிட்ஜ் மோட்டார் நின்று ஓடுவதுகூடத் தெளிவாகக் கேட்கும். காலையில் அந்த நேரத்துக்கு மட்டும் விழிப்பு வந்துவிடுகிறது. எழுந்து உட்கார்ந்திருப்பேன், எதற்கு என்று தெரியாமல்.

பிறகு நான்தான் யோசித்தேன். மதினி வரவேண்டும் என்றால் தண்ணீர் ஊற்றினாலும் கெட்டுப்போகாத மாதிரி செய்துவிட்டால் போயிற்று. செல்வினை வரச் சொல்லி அடிப்பலகை முழுவதையும் அறுத்து எடுக்கச் சொன்னேன். கீழே இரும்புச் சட்டம், தரையிலும் சுவரிலும் போல்ட் போட்டு இறுக்கியது. ஃப்ரிட்ஜ் இப்போது மரத்தில் இல்லை, இரும்பில் நிற்கிறது. அங்கணத்து ஓட்டையைத் தேடிக் கண்டுபிடித்துத் திறந்தோம். தரை வாட்டத்தை அந்தப் பக்கம் திருப்பினோம். கடைசியில், சட்டமும் தரையும் சேருகிற இடத்தில் தண்ணீர் புகாதபடி சுற்றிலும் சிலிக்கான் பூச்சு. ஆற்றைத் திருப்பி விட்டாலும் ஒன்றும் ஆகாது மேடம் என்றார் செல்வின். நீங்களும் இதையே செய்யச் சொல்லுங்கள். முதலிலேயே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் பலகைதான் வைப்பார்.

வேலை முடிந்த அன்றைக்கே கடையத்துக்கு ஃபோன் போட்டேன். "மதினி, எல்லாம் சரி பண்ணியாயிற்று. இனிமேல் எவ்வளவு வேண்டுமானாலும் ஊற்றலாம். வாருங்கள்."



"வாரேன்" என்றார்கள். "மொதல்ல நீ ஒரு தடவை ஊத்திக் கழுவி விடுளா. பொறவு வாரேன்."

"நான் எதற்கு மதினி? ஊற்ற வேண்டும் என்று ஆசைப்பட்டது நீங்கள்தானே?"

"நாந்தான் இத்தன நாளா ஊத்தி ஊத்திப் பாத்துட்டேனே. அது எங் கையில இல்ல போல. நீ ஊத்து."

அவர்கள் பேச்சு சில சமயம் இப்படித்தான், பிடி கிடைக்காது. சரி என்று சொல்லிவிட்டேன். ஒரு வாளி தண்ணீர், பெரிய வேலையா? வாளியும் வாங்கி வைத்தாயிற்று, அதோ பாருங்கள், ஸ்டிக்கர்கூட எடுக்கவில்லை. அவர்கள் வந்துவிட்டால் வீடு வீடாக இருக்கும். எனக்கும் தனியாகச் சமைக்க அலுப்பாக இருக்கிறது. அவர்களுக்கும் அங்கே எத்தனை நாள்தான் இன்னொருவர் வீட்டில் இருக்க முடியும்? தோள்வலி இன்னும் போகவில்லை என்கிறார்கள். வாரம் தவறாமல் கேட்கிறார்கள், வெள்ளிக்கிழமை காலையில். "ஊத்தியாச்சா?" நேற்றுகூடக் கேட்டார்கள்.

"பூச்சு காயட்டும் மதினி" என்றேன்.

அதுதான் ஒரே ஒரு தடங்கல். சிலிக்கான் நன்றாகக் காய்வதற்கு முன்னால் தண்ணீர் பட்டால் பிடிப்பு போய்விடும். அப்புறம் மறுபடியும் உள்ளே ஈரம் இறங்கும், மறுபடியும் ஆட ஆரம்பிக்கும். செல்வின் மறுநாளே காய்ந்துவிடும் என்றுதான் சொன்னார். அவர் எல்லாவற்றையும் அப்படித்தான் சொல்வார். எப்போது பூசியதா? ஆடியில். ஆமாம், இப்போது தை. மழைக்காலம் நடுவில் வந்ததே, அதைக் கணக்கில் எடுக்க வேண்டாமா?

நீங்களே குனிந்து தொட்டுப் பாருங்கள். அங்கே இல்லை, இந்த மூலையில். காய்ந்துவிட்டது என்கிறீர்களா? மேலே அப்படித்தான் தெரியும். நன்றாக அழுத்துங்கள். இன்னும் கொஞ்சம். இல்லை, இல்லை, உங்களுக்குத் தெரியவில்லை. கையைக் கொடுங்கள் இப்படி. ஈரம் இருக்கிறது பாருங்கள்.